பன்றிக் காய்ச்சல் வைரஸ் எவ்வாறு உருமாறுகிறது? கர்நாடக மாதிரிகள் சொல்லும் மரபணு வரலாறு

மர்பி டவுன் (பெங்களூரு): 'பன்றிக் காய்ச்சல்' என்ற சொல் செய்தியில் வரும்போதெல்லாம் இறைச்சிக் கடைகளில் கூட்டம் குறைகிறது. தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும், முன்பு நாக்ஸ்பேட்டை என்று அழைக்கப்பட்ட மர்பி டவுன் போன்ற பகுதிகளில் எழும் முதல் கேள்வி, "இது மனிதருக்குத் தொற்றுமா?" என்பதே. பன்றி வளர்ப்போரின் கேள்வி வேறு: "தடுப்பூசி போட்டால் மந்தை பிழைக்குமா?" இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண, நோயை உண்டாக்கும் வைரஸின் மரபணுவையும், காலப்போக்கில் அது அடைந்துவரும் மாற்றத்தையும் அறிந்துகொள்வது அவசியம். அந்த வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதி கர்நாடகத்தில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளிலிருந்தே எழுதப்பட்டது.

ஒரே பெயர், மூன்று நோய்கள்

தமிழ்ச் செய்திகளில் 'பன்றிக் காய்ச்சல்' என்ற ஒரே பெயரால் மூன்று வெவ்வேறு நோய்கள் குறிக்கப்படுகின்றன. குழப்பத்தின் தொடக்கம் இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, எச்1என்1 இன்ஃபுளுவென்சா. 2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார அமைப்பு இதனைப் பெருந்தொற்றாக அறிவித்தது. இன்ஃபுளுவென்சா வைரஸின் மரபணு 8 தனித்தனித் துண்டுகளாக அமைந்துள்ளது. வட அமெரிக்க, ஐரோப்பிய - ஆசியப் பன்றிகளிடையே உலவிவந்த வைரஸ்களின் துண்டுகள் ஒன்றுகலந்து உருவான புதிய வைரஸ் என்பதால் இதற்கு அப்பெயர் ஏற்பட்டது. இது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. இறைச்சி உண்பதால் வருவதன்று.

இரண்டாவது, கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல். 'பன்றிக் காலரா' என்பது இதன் பழைய பெயர். மூன்றாவது, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இவை இரண்டும் பன்றி இனத்தை மட்டுமே தாக்குபவை, மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆனால் மந்தைகளை முற்றாக அழித்துவிடும் வல்லமை இரண்டிற்கும் உண்டு.

கடும் காய்ச்சல், தீவனம் எடுக்காமை, ஒன்றோடொன்று நெருங்கி முடங்கிக் கிடத்தல், பின்னங்கால்கள் தள்ளாடுதல், காதுகளிலும் வயிற்றிலும் கருஞ்சிவப்புப் படலம் ஆகியவை இவ்விரு நோய்களுக்கும் பொதுவான அறிகுறிகள். கண்ணால் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த இயலாது; ஆய்வகச் சோதனை ஒன்றே வழி. எனினும் மரபணு அளவில் இவற்றுக்கிடையே எந்த உறவும் இல்லை. ஒன்று வேகமாக மாறும் சிறிய வைரஸ். மற்றொன்று மெதுவாக மாறும் மிகப் பெரிய வைரஸ்.

வைரஸ் ஏன் மாறுகிறது?

கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் வைரஸ், பெஸ்டிவைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் மரபுப் பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 12,300 எழுத்துகள் கொண்ட நீண்ட ஒரு வாக்கியமாக அதனைக் கற்பனை செய்துகொள்ளலாம். வைரஸ் பெருகும் ஒவ்வொரு முறையும் இந்த வாக்கியம் முழுவதும் மறுபடி எழுதப்படுகிறது. எழுதும் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் இல்லை. ஆகவே ஆங்காங்கே ஓர் எழுத்து மாறிவிடுகிறது.

இத்தகைய பிழைகளுள் பெரும்பாலானவை வைரஸுக்கே கேடாக முடிந்து மறைந்துபோகின்றன. சில எந்த விளைவையும் ஏற்படுத்தாமல் தங்கிவிடுகின்றன. மிகச் சிலவே வைரஸுக்குச் சாதகமாக அமைகின்றன. தங்கிவிட்ட பிழைகள் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுவதால், இரண்டு மாதிரிகளுக்கிடையே எத்தனை எழுத்துகள் வேறுபடுகின்றன என்பதை எண்ணிப் பார்த்து, அவை எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதைக் கணிக்க முடிகிறது. கையால் படியெடுக்கப்பட்ட ஓலைச்சுவடிகளில் காணும் ஏட்டுப் பிழைகளைக் கொண்டு, எந்தச் சுவடி எதிலிருந்து படியெடுக்கப்பட்டது எனப் பதிப்பாசிரியர்கள் கண்டறிவதைப் போன்றதே இதுவும்.

மூன்று வகைகள், பல உட்பிரிவுகள்

முழு மரபணுவையும் வாசிப்பது முன்பு செலவு மிகுந்த பணியாக இருந்தது. எனவே மூன்று சிறு பகுதிகளை மட்டும் ஒப்பிடும் முறையை ஆய்வாளர்கள் கையாண்டனர். தொடக்கத்தில் உள்ள, புரதமாக மாறாத பகுதியில் 150 எழுத்துகள். வைரஸின் மேலுறையில் அமைந்த ஈ2 புரதத்திற்கான மரபணுவில் 190 எழுத்துகள். படியெடுக்கும் நொதிக்கான மரபணுவில் 409 எழுத்துகள். உலகெங்கும் ஒரே அளவுகோல் பயன்படுத்தப்பட்டதால், ஒரு நாட்டின் மாதிரியை மற்றொரு நாட்டின் மாதிரியுடன் நேரடியாக ஒப்பிடுவது சாத்தியமானது.

இவ்வாறு வைரஸ்கள் 1, 2, 3 என மூன்று மரபணு வகைகளாகவும், அவை 1.1, 2.1, 2.2, 3.4 என்பன போன்ற உட்பிரிவுகளாகவும் பகுக்கப்பட்டன. வகை எண் மாறினாலும் நோயின் பெயர் மாறுவதில்லை. அந்த எண் வைரஸின் வம்சாவளியைக் குறிக்கும் முகவரி மட்டுமே.

கர்நாடகத்தில் நிகழ்ந்த இடமாற்றம்

இந்தியாவில் 1940-களிலிருந்தே அறியப்பட்ட நோய் இது. நாட்டில் நெடுங்காலம் மேலோங்கியிருந்தது 1.1 உட்பிரிவு. பெங்களூருவில் இயங்கும் தேசிய கால்நடை நோய்ப் பரவலியல் மற்றும் நோய்த் தகவலியல் நிறுவனத்தின் ஆய்வுகள் இந்தச் சித்திரத்தைத் தெளிவாக்கின. 'நிவேதி' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்நிறுவனம், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் நகரின் வடக்கே எலகங்காவில் செயல்படுகிறது. 1987-இல் ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 2000-ஆம் ஆண்டில் திட்ட இயக்ககமாக உயர்ந்து, 2013-இல் தேசிய நிறுவனம் என்ற நிலையை அடைந்தது.

இந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட மரபணு வகைப்பாட்டில், இந்திய மாதிரிகளுள் 1.1 உட்பிரிவே மேலோங்கியிருந்தது, அதனுடன் 2.1 உட்பிரிவும் உலவுவது தெரியவந்தது. 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு கர்நாடகத்தின் அண்மைக்கால மாதிரிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. 1.1 உட்பிரிவின் இடத்தை 2.2 உட்பிரிவு பிடித்துவருகிறது என்பதே அதன் முக்கிய முடிவு. வடகிழக்கு மாநிலங்களிலும் 2-ஆம் வகையின் உட்பிரிவுகள் பதிவாகியுள்ளன.

ஓர் உட்பிரிவு மறைந்து மற்றொன்று தோன்றுவதால் பண்ணையாளர் கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடு உடனடியாக எதுவும் இராது. ஆனால் நோய் எங்கிருந்து வருகிறது, எந்த வணிகப் பாதையில் பயணிக்கிறது, தடுப்பூசி போதுமானதா என்ற கேள்விகளுக்கான விடை இந்த எண்களில்தான் அடங்கியுள்ளது.

பிற நாடுகளிலும் இதே போக்கு

பழைய வகை பின்வாங்கி 2-ஆம் வகை முன்னேறியது கர்நாடகத்தில் மட்டும் நடந்ததன்று. தைவானில் நெடுங்காலம் உலவிய 3.4 உட்பிரிவு, 1990-களில் 2.1 உட்பிரிவுக்கு இடமளித்தது. ஐரோப்பாவிலும் 1980-களுக்குப் பின் நிகழ்ந்த பெருந்தொற்றுகளுள் பெரும்பாலானவை 2-ஆம் வகையைச் சேர்ந்தவை. 1992-க்குப் பின் நோயே இல்லாதிருந்த ஜப்பானில், 2018 செப்டம்பரில் கிஃபு மாகாணத்தில் மீண்டும் தோன்றியதும் 2.1 உட்பிரிவே.

இதற்கான காரணம் குறித்து ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்று கவனத்திற்குரியது. 1-ஆம் வகையின் பல வைரஸ்கள் கடும் நோயை உண்டாக்கிப் பன்றியைச் சில நாள்களிலேயே கொன்றுவிடுகின்றன. 2-ஆம் வகையின் பல வைரஸ்கள் மிதமான நோயை உண்டாக்குகின்றன. பன்றி விரைவில் இறந்துவிட்டால் வைரஸின் பயணமும் அங்கேயே முடிகிறது. நோயுற்ற பன்றி நடமாடிக்கொண்டும் விற்கப்பட்டுக்கொண்டும் இருந்தால், வைரஸுக்குப் புதிய மந்தைகள் கிடைக்கின்றன.

சினைப் பன்றிகள் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன. கருவிலேயே தொற்றுக்கு ஆளாகும் சில குட்டிகள் உயிருடன் பிறந்து, நோய் எதிர்ப்புப் பொருள் உருவாகாமலே மாதக்கணக்கில் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். வெளித்தோற்றத்தில் நலமாகத் தெரியும் இத்தகைய குட்டிகள் சந்தைக்குச் சென்றால், நோயும் உடன் செல்கிறது.

தடுப்பூசி இன்னும் பயன் தருமா?

'சி-ஸ்ட்ரெயின்' எனப்படும் முயல்வழித் தடுப்பூசி, 1950-களில் சீனாவில் உருவாக்கப்பட்டது. வைரஸை முயல்களில் திரும்பத் திரும்பச் செலுத்தி, அதன் வீரியத்தைக் குறைத்துத் தயாரிக்கப்பட்டது அது. 1-ஆம் வகையைச் சேர்ந்ததாயினும், பிற வகைகளுக்கு எதிராகவும் அது பாதுகாப்பு அளிப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே வகை மாறிவிட்டதாலேயே தடுப்பூசி பயனற்றுப் போனது என முடிவு செய்வதற்கு ஆதாரம் இல்லை. எனினும், தடுப்பூசி குறிவைக்கும் ஈ2 புரதத்தில் நிகழும் எழுத்து மாற்றங்களைத் தொடர்ந்து கண்காணிப்பது இன்றியமையாதது.

இந்தியாவின் உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. 'வேய்பிரிட்ஜ்' என்ற பிரிட்டன் மூலத்திலிருந்து பெறப்பட்ட முயல்வழித் தடுப்பூசியே இங்கு பல பத்தாண்டுகளாகத் தயாரிக்கப்பட்டது. ஒரு முயலிலிருந்து ஏறத்தாழ 50 தவணை மருந்தே கிடைக்கும். நாட்டின் ஆண்டுத் தேவை 2 கோடியே 20 லட்சம் தவணைகள். உற்பத்தியோ சுமார் 12 லட்சம் மட்டுமே. முழுத் தேவையையும் இம்முறையில் நிறைவேற்ற, ஆண்டுதோறும் 4 லட்சத்து 40 ஆயிரம் முயல்களைப் பலியிட வேண்டியிருக்கும்.

இந்நிலையில், இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உள்நாட்டு வைரஸைக் கொண்டு, செல் வளர்ப்பு முறையில் உருவாக்கிய தடுப்பூசி 2020 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. முயல்வழித் தடுப்பூசி ஒரு தவணைக்கு 15 முதல் 25 ரூபாய் வரை ஆகும் நிலையில், புதியதன் விலை 2 ரூபாய்க்கும் குறைவாக இருக்கும் என அப்போது மத்திய அரசு தெரிவித்தது. முயல்களும் தேவையில்லை. மத்திய அரசின் கால்நடை நலம் மற்றும் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் முன்னுரிமை பெற்ற நோய்களுள் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலும் ஒன்று.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்: மெதுவாக மாறும் பேருருவம்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை 1921-இல் கென்யாவிலிருந்து முதன்முதலாக விவரித்தவர் மான்ட்கோமரி. அதன் மரபுப் பொருள் இரட்டை இழை டி.என்.ஏ. எழுத்துகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,70,000 முதல் 1,90,000-க்கு மேல் வரை. மரபணுக்கள் 150-க்கும் அதிகம். தன் டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் நொதிகளையும் இந்த வைரஸ் தானே உடன் கொண்டுள்ளது. அதனால் எழுத்துப் பிழைகள் குறைவு. மாற்றம் மெதுவாகவே நிகழ்கிறது.

பி72 என்ற மேலுறைப் புரதத்தின் மரபணுவை அடிப்படையாகக் கொண்டு இவ்வைரஸ்கள் 24 வகைகளாகப் பகுக்கப்பட்டுவந்தன. ஆப்பிரிக்காவில் மட்டும் பலவகைகள் இருக்க, 2007-இல் ஜார்ஜியாவை எட்டிய 2-ஆம் வகை, அங்கிருந்து ரஷ்யா, ஐரோப்பா எனப் பரவி 2018 ஆகஸ்டில் சீனாவில் உறுதிசெய்யப்பட்டது. கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலின் 2-ஆம் வகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எண் மட்டுமே ஒன்று.

இந்தியாவில் 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேச மாநிலங்களில் பன்றிகள் திரளாக மாண்டபோது, போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம் மாதிரிகளைச் சோதித்து, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை உறுதிசெய்தது. வைரஸ் 2-ஆம் வகையைச் சேர்ந்தது. 2021-இல் மிசோரத்தில் மட்டும் 30 ஆயிரத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் மாண்டன. பன்றி வளர்ப்பே வீட்டின் சேமிப்பாகக் கருதப்படும் குடும்பங்களுக்கு இது பேரிழப்பு.

மெதுவாக மாறும் வைரஸும் திடீரெனப் பாய்ச்சல் காட்டக்கூடும் என்பதற்குச் சீனா சான்றாகிறது. வீரியம் குறைந்த 2-ஆம் வகைத் திரிபுகளும், அதனுடன் தொடர்பற்ற 1-ஆம் வகையும் அங்கு 2021-இல் பதிவாயின. 1, 2 ஆகிய இரு வகைகளின் மரபணுப் பகுதிகளும் ஒன்றிணைந்த கலப்பு வைரஸ் கண்டறியப்பட்டதாக 2023-இல் ஆய்வு வெளியானது. பின்னர் வியட்நாமிலும் ரஷ்யாவிலும் இத்தகைய கலப்பு வைரஸ்கள் பதிவாயின. வியட்நாம் 2022-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கான தடுப்பூசிக்கு ஒப்புதல் அளித்திருந்தது. 2-ஆம் வகையை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசிகள் கலப்பு வைரஸைத் தடுத்து நிறுத்துமா என்பதே இப்போது ஆய்வாளர்களை வாட்டும் கவலை.

தென்னிந்தியாவின் நிலை

2022 ஜூலையில் கேரள மாநிலம் வயநாடு மாவட்டத்தின் மானந்தவாடிப் பகுதியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. 2023 ஜனவரியில் நீலகிரி மாவட்டத்தின் முதுமலை புலிகள் காப்பகத்தில் காட்டுப் பன்றிகள் இறந்து கிடந்ததற்கும் இந்நோயே காரணம் எனத் தெரியவந்தது. முதுமலையும் கர்நாடகத்தின் பந்திப்பூரும் ஒன்றையொன்று ஒட்டிய காடுகள்; காட்டுப் பன்றிக்கு மாநில எல்லை கிடையாது. காட்டுப் பன்றிகளிடையே வேரூன்றிய நோயை அகற்றுவது எத்துணைக் கடினம் என்பதை ஐரோப்பிய நாடுகள் அனுபவத்தில் கண்டுள்ளன.

இந்தியாவில் இந்நோய்க்குத் தடுப்பூசி பயன்பாட்டில் இல்லை. எனவே நோய் கண்ட இடத்திலிருந்து 1 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகளை அழிப்பதும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பதுமே தேசியச் செயல்திட்டம் வகுத்துள்ள வழி. அழிக்கப்படும் பன்றிகளுக்கான இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன.

மரபணு வரிசை துப்பறிவது எப்படி?

1997-98-இல் நெதர்லாந்தில் 429 பண்ணைகளைக் கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் தாக்கியது. அங்கு கிடைத்த வைரஸ், சற்று முன்னதாக ஜெர்மனியின் பாடர்போர்ன் பகுதியில் பரவியிருந்த வைரஸுடன் ஒத்திருந்தது. அங்கிருந்து திரும்பிய கால்நடை வண்டி வழியே நோய் நுழைந்திருக்கலாம் என்ற முடிவுக்கு அது துணை நின்றது. 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாவில் 16 பண்ணைகளில் நோய் தோன்றியபோது, கிடைத்த வைரஸ் 2.1 உட்பிரிவைச் சேர்ந்ததாக இருந்தது. வெளியிலிருந்து வந்த, தூக்கி எறியப்பட்ட பன்றி இறைச்சிப் பொருளைப் பன்றி தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் அதனால் வலுப்பெற்றது.

இந்தியாவிலும் இத்தகைய தடயம் ஒன்று உண்டு. 2013-இல் மிசோரத்தில் பன்றிகளைத் தாக்கிய இனப்பெருக்க - சுவாச நோய்க்குறி வைரஸ், சீனாவில் 2006-இல் தோன்றிய கொடிய திரிபுடன் நெருங்கிய உறவு கொண்டிருந்தது. அத்திரிபின் ஒரு புரதத்தில் 30 அமினோ அமிலங்கள் விடுபட்டிருக்கும். அதுவே அதன் அடையாள மச்சம்.

இவ்வாறு துப்பறிய வேண்டுமாயின் ஒரு நிபந்தனை உண்டு. இறந்த பன்றியின் மாதிரி ஆய்வகத்தை அடைய வேண்டும். இரகசியமாகப் புதைக்கப்பட்ட, கால்வாயில் வீசப்பட்ட, அவசரமாக அறுத்து விற்கப்பட்ட பன்றிகளின் மரபணு வரலாறு எங்கும் பதிவாவதில்லை. 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சுமார் 90 லட்சம் பன்றிகள் இருந்தன. இது 2012-ஐ விட 12 விழுக்காடு குறைவு. இவற்றுள் பெரும்பகுதி, ஓரிரு பன்றிகளை மட்டுமே வைத்திருக்கும் எளிய குடும்பங்களுக்குச் சொந்தமானவை. நோயைத் தெரிவித்தால் எஞ்சிய பன்றிகளும் அழிக்கப்படும் என்ற அச்சம் அவர்களை மௌனமாக்குகிறது. உரிய காலத்தில் கிடைக்கும் இழப்பீடே அம்மௌனத்தைக் கலைக்கக்கூடியது.

வளர்ப்போரும் வாங்குவோரும் அறிய வேண்டியவை

* பெருநகரங்களில் உணவகங்களின் எச்ச உணவே பன்றிகளுக்கு மலிவான தீவனம். அதில் கலந்திருக்கும் இறைச்சித் துண்டு நோயைச் சுமந்து வரக்கூடும். எச்ச உணவை நன்கு கொதிக்கவைத்து, ஆறிய பின்னரே கொடுக்க வேண்டும்.

* கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் வைரஸ், உறைநிலையில் வைக்கப்பட்ட இறைச்சியில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். குளிர்பதனம் அதனை அழிப்பதில்லை. போதிய வெப்பம் அழிக்கும்.

* புதிதாக வாங்கிய பன்றிகளை உடனே மந்தையில் சேர்க்காமல், சில வாரங்கள் தனியே வைத்துக் கண்காணிக்க வேண்டும்.

* கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவில் இல்லை. முதலாவதற்கான தடுப்பூசி இரண்டாவதைத் தடுக்காது.

* ஒன்றுக்கு மேற்பட்ட பன்றிகள் அடுத்தடுத்து இறந்தால், அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

* இவ்விரு நோய்களும் மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆயினும் நோயுற்று இறந்த பன்றியின் இறைச்சியை விற்பதும் வாங்குவதும் கூடாது. அந்த இறைச்சியின் கழிவே அடுத்த மந்தைக்கு நோயைக் கொண்டு செல்கிறது.

மர்பி டவுனில் எழும் முதல் கேள்விக்கான விடை எளிது: இவ்விரு பன்றி நோய்களாலும் மனிதருக்கு ஆபத்தில்லை. பண்ணையாளரின் கேள்விக்கான விடை அவ்வளவு எளிதன்று. எந்த நோய், எந்த வகை என்பது தெரிந்தால்தான் தடுப்பூசி போடுவதா, தனிமைப்படுத்துவதா என முடிவெடுக்க முடியும். வைரஸ் தன் மாற்றங்களை ஒவ்வொரு படியிலும் எழுதிவைத்துக்கொண்டேதான் செல்கிறது. இறந்த முதல் பன்றியைப் பற்றிய தகவல் எவ்வளவு விரைவாக ஆய்வகத்தை எட்டுகிறதோ, அவ்வளவு விரைவாக அதனை வாசிக்கவும் முடியும்.